கைமாறிய ஊர்தி

விலை கொடுத்துப் பொருளை வாங்குவோர் பலர். அதன் உள்ளியல்பை அறிந்து உரிமை கொள்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் கோவை ஜி. டி. நாயுடு.

கொங்கு நாட்டில், கோவைக்கு அணித்தேயுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு உழவர் குடியில் அவர் தோன்றினார். இளமையில் பள்ளிப் பாடங்களில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. லங்காஷயர் என்னும் ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஊர்ந்து வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணிற்பட்டது. மாடும் குதிரையும் இழாமல் தானே ஓடும் அவ்வண்டி அவருள்ளத்தைக் கவர்ந்தது. அதனை எவ்வாறேனும் தமதாக்கிக்கொள்ள உறுதி பூண்டார். கோவைக்குச் சென்று, உணவு விடுதியொன்றில் பரிமாறும் பணியை ஏற்றார். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, அவ்வண்டியை அலுவலரிடமிருந்து விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர், அதன்மேல் ஏறி உலா வருதலோடு அமைந்தாரல்லர். உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், ஒவ்வொன்றின் தொழிலையும் ஆராய்ந்தார், மீண்டும் பொருத்தினார். ஆசிரியர் இன்றியே பொறியியலின் அரிச்சுவடியை அவ்வண்டி அவருக்குக் கற்பித்தது.

அவ்வறிவே அவர்க்கு முதலாயிற்று. 1920ஆம் ஆண்டு ஒரே பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அது நாளடைவில் பல பேருந்துகளையுடைய பெருநிறுவனமாக வளர்ந்தது.

தாம் பெற்ற அறிவு தம்மோடு ஒழிதல் கூடாது எனக் கருதிய நாயுடு, 1945ஆம் ஆண்டு கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமானார். அது பின்னர் அரசின் கைக்கு மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இன்றும் விளங்குகிறது. 1974ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

ஊர்தி பிறர் கைக்கு மாறினால் முன்னவர்க்கு அஃது இல்லையாகும். அறிவோ, பெற்றவர்க்கும் உரியது. கொடுத்தவரிடத்தும் குன்றாது நிற்பது.