பூணூல் போட்ட பாதிரியார் மீது 13 வருட விசாரணை: ராபர்ட் டி நொபிலி வழக்கில் விடுபட்ட கேள்வி எது?

ஒரு பாதிரியார் மேலயோ பிஷப் மேலயோ புகார் வந்தால் முதல்ல எழுவது, யார் விசாரிப்பாங்க என்ற கேள்விதான். அதே அளவு முக்கியமான இன்னொன்றை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். விசாரிக்கிறவங்க என்ன கேட்கிறாங்க?

இதைப் புரிந்துகொள்ள 400 வருடம் பின்னால் போகலாம். இடம் மதுரை. புகாருக்கு உள்ளானவர் தமிழில் தத்துவ போதகர் என்று அறியப்படும் ராபர்ட் டி நொபிலி.

யார் இந்த நொபிலி?

1577-ல் பிறந்த இத்தாலியர். வசதியான பிரபு குடும்பம். ரோமில் பெரும் செல்வாக்கோடு இருந்த கர்தினால் பெல்லார்மின் இவருக்கு உறவினர். வீட்டாரின் எதிர்ப்பை மீறி சேசு சபையில் சேர்ந்து, 1605-ல் கோவா வந்து இறங்கினார். முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றுக்கொண்டு, 1606 இறுதியில் மதுரை வந்தார். அது நாயக்கர் ஆட்சிக்காலம்.

மதுரையில் ஏற்கெனவே ஒரு கோயிலும் ஒரு பாதிரியாரும் இருந்தார்கள். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற அந்தப் போர்ச்சுகீசியர், முன்னாள் படைவீரர். வியாபாரத்துக்காக வந்து தங்கிய பரதவர்களும் போர்ச்சுகீசியர்களும்தான் அவருடைய சபை. பத்து வருடத்துக்கு மேல் உழைத்தும் உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் வரவில்லை.

ஏன் என்று நொபிலி யோசித்தார். கிறிஸ்தவராவது என்றால் பறங்கியாக மாறுவது என்றே ஊர் புரிந்துவைத்திருந்தது. மாட்டுக்கறி, மது, சாதி வரம்பு இல்லாத பழக்கம் எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கியிருந்தது. ஞானஸ்நானத்தின்போது பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம்கூட இருந்தது.

அதனால் நொபிலி அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார். பாதக்குறடு, சந்தனம், பூணூல், சைவச் சாப்பாடு, பிராமண சமையல்காரர் என வாழ்க்கையையே மாற்றினார். தான் பறங்கி இல்லை, ரோமாபுரி ராஜகுலத்துச் சந்நியாசி என்று அறிமுகம் செய்துகொண்டார். சிவதர்மர் என்ற தெலுங்கு பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். 1609-ல் அந்த ஆசிரியரே அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

புகார் எப்படி வந்தது?

மேல்சாதியினர் நொபிலியிடம் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தனி வீடு, தனிக் கோயில். பெர்னாண்டஸை ஊர் பார்க்கச் சந்திப்பதையே நொபிலி தவிர்த்தார். ஒரே சபை, ஒரே ஊர், ஆனா இரண்டு கோயில்!

1610-ல் பெர்னாண்டஸ் சபை மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், சடங்குக் குளியல் எல்லாம் இந்து மத அடையாளங்கள், இவற்றை ஒரு பாதிரியார் எப்படி ஏற்கலாம் என்பது அவருடைய வாதம். தனிக் கோயில் பற்றியும் புகார் சொன்னார். கவனிக்கவும்: மூத்தவர் ஒருவர், கூடவே வேலை செய்யும் செல்வாக்கான இளையவர் மீது எழுத்தில் தந்த புகார் இது.

விசாரணை எப்படி நடந்தது?

நடைமுறையை மட்டும் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நொபிலிக்குப் பதில் சொல்ல வாய்ப்பு தரப்பட்டது. அவர் லத்தீனில் நீண்ட விளக்கங்கள் எழுதினார். பூணூலும் குடுமியும் சமூக அந்தஸ்தின் அடையாளம், மத அடையாளம் அல்ல என்பதே அவற்றின் சாரம்.

கொடுங்கல்லூர் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் அவருக்கு ஆதரவு. ஆனால் அடுத்து வந்த சேசு சபை மேலதிகாரிகள் எதிர்ப்பு. உறவினர் பெல்லார்மினே முதலில் கண்டித்துத்தான் கடிதம் எழுதினார். நொபிலியின் விளக்கத்தைப் படித்த பிறகே மனம் மாறினார். சொந்தக்காரர் என்பதால் கண்டுகொள்ளாமல் விடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

1619-ல் கோவாவில் பேராயர் தலைமையில் கூட்டம். நொபிலி நேரில் போய் வாதாடினார். பெரும்பான்மை அவருக்கு எதிராகவே நின்றது. விவகாரம் லிஸ்பன் வழியாக ரோம் போனது.

தீர்ப்பு என்ன?

1623 ஜனவரி 31. போப் பதினைந்தாம் கிரகோரி முடிவை அறிவித்தார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாவற்றுக்கும் அனுமதி. சிலை வழிபாட்டோடு தொடர்பு இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, தற்காலிகமாக. நொபிலி ஜெயித்தார்.

அதே ஆணையின் முடிவில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. குலப்பெருமை பேசுகிறவர்கள், தாழ்ந்த நிலையில் இருப்பவர்களை அவமதிக்கக் கூடாது. முக்கியமாகக் கோயிலுக்குள் அவமதிக்கக் கூடாது என்று போப் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார், அவ்ளோதான். மீறினால் என்ன நடவடிக்கை என்று எதுவும் இல்லை.

விடுபட்டது இதுதான். 13 வருடம் நடந்த விவாதத்தின் மையத்தில் இருந்தது நூலும் குடுமியும் சந்தனமும். சாதி பார்த்துக் கோயிலைப் பிரிக்கலாமா என்பது மையக் கேள்வியாகவே ஆகவில்லை. பேராயர்கள், இறையியலாளர்கள், விசாரணை மன்றத்தினர் எல்லோரும் பேசினார்கள். பெர்னாண்டஸின் கோயிலில் உட்கார்ந்திருந்த பரதவர்களிடம் யாரும் வாக்குமூலம் வாங்கியதாகத் தெரியவில்லை.

பிறகு என்ன ஆனது?

நொபிலி திருச்சி, சேலம் பக்கமெல்லாம் பணி செய்தார். ஒடுக்கப்பட்ட சாதியினரும் திருச்சபைக்கு வந்தார்கள். அவர்களுக்காக 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் பிரிவு உருவானது. மேல்சாதிக்கு ஒரு வகை சாமியார், மற்றவர்களுக்கு இன்னொரு வகை. பிரிவினை நீங்கவில்லை, முறைப்படுத்தப்பட்டது.

தமிழ் உரைநடைக்கு இவர் செய்தது பெரிய பங்களிப்பு. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம் போன்ற நூல்களை எழுதினார். மதுரையில் சிறையும் அனுபவித்தார். கண்பார்வை மங்கிய முதுமையில் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டு, பின் மயிலாப்பூரில் வாழ்ந்து, 1656-ல் அங்கேயே இறந்தார். சொகுசுக்காகக் காவி கட்டியவர் அல்ல என்பதற்கு அந்த வாழ்க்கையே சாட்சி.

விடுபட்ட கேள்வி மட்டும் சாகவில்லை. போப்பின் தூதராகப் புதுச்சேரி வந்த டூர்னோன், 1704-ல் ஒடுக்கப்பட்ட சாதி நோயாளிகளின் வீட்டுக்குள் குருக்கள் போக மறுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அதற்கும் எதிர்ப்பு. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கிடைத்த தீர்வு, அந்த மக்களுக்கென்று தனியாகக் குருக்களை நியமிப்பது. திரும்பவும் அதே பிரிவினை! தமிழ்நாட்டில் சில ஊர்களில் சாதிவாரிக் கல்லறைகள் பற்றிய புகார்கள் இன்றும் வருகின்றன.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

நொபிலி கெட்டவர் என்பது இந்தக் கதையின் முடிவு அல்ல. விசாரணையே நடக்கவில்லை என்பதும் அல்ல. புகார், பதில், மேல்முறையீடு, தீர்ப்பு எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு தலைவர் தன் மேலிடத்துக்குப் பதில் சொல்லிவிட்டால் மட்டும் கணக்கு முடிந்துவிடாது. அவருடைய முடிவால் வாசலுக்கு வெளியே நிற்க நேர்ந்தவர்களுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். அடுத்த முறை எந்தச் சபையிலாவது விசாரணைக் குழு அமைத்ததாகச் செய்தி வந்தால், குழுவில் யார் இருக்காங்க என்பதோடு நிறுத்தாதீங்க. அவங்க யாரையெல்லாம் கூப்பிட்டுக் கேட்கப் போறாங்க என்றும் பாருங்க.