கண்டி மன்னன் காத்த கத்தோலிக்கக் குரு

கண்டியிலிருந்து மஹியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில் திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களைக் கடந்து மலையேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மீமுரைக்கும் செல்வோர் இங்கிருந்துதான் திரும்புகின்றனர். இதற்குச் சற்று முன்னரே உள்ள மெதமஹநுவர, ஆபத்துக் காலங்களில் கண்டி மன்னர்கள் ஒதுங்கிய இடமாகும். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 இல் பிடிபட்டதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். சிங்களவரும் தோட்டத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இவ்வீதியோரம், திகனவிலும் தெல்தெனியவிலும் 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது.

அந்நாட்களுக்குப் பின்னர் இவ்வழியே செல்லும்போதெல்லாம் கண்டி இராச்சியத்தின் பழைய வழக்கம் ஒன்று நமது நினைவுக்கு வருகின்றது. கரையோரத்தில் மதத்தின் பெயரால் துரத்தப்பட்டவர்களுக்கு மலைநாட்டு மன்னர்கள் இடங்கொடுத்த வழக்கம் அது. போர்த்துக்கேயர் முஸ்லிம்களை விரட்டியபோது செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியமர்த்தினான். பின்னர் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வேட்டையாடினர். அவர்களுடைய குருவொருவரைத் தன் தலைநகரிலேயே வாழவிட்டவன் செனரத்தின் பேரனான இரண்டாம் விமலதர்மசூரியன். அந்தக் குருவே யோசப் வாஸ் அடிகளார்.

அடிகளார் 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவின் பெனோலிம் கிராமத்தில் கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். (அதே ஏப்ரல் 21 தான் 2019 இல் உயிர்த்த ஞாயிறாக வந்து, இந்நாட்டுக் கத்தோலிக்கருக்கு மாறாத காயமாகவும், குற்றமற்ற முஸ்லிம்கள் பலருக்குப் பழிசுமக்கும் காலத்தின் தொடக்கமாகவும் ஆயிற்று.) 1676 இல் குருவானார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியக் குருக்களைச் சமமாக ஏற்கத் தயங்கிய காலம் அது. கோவாவில் சுதேசக் குருக்கள் சிலர் தமக்கென ஒரு சமூகத்தை அமைத்துக்கொண்டனர். அடிகளார் அதில் இணைந்து, அதனை ஒழுங்குபடுத்தி, ஒறற்றோரியன் சபையாக நிலைநிறுத்தினார். இலங்கையில் பின்னர் நடந்த பணி அனைத்துக்கும் ஆளணி வந்தது இங்கிருந்துதான். இலங்கைத் திருச்சபையை மீட்டெடுத்தவர்கள் ஐரோப்பியர் அல்லர், கோவாக்காரர்கள் என்பதை நமது பாடநூல்கள் போதியளவு சொல்வதில்லை.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இன்றியே ஒரு தலைமுறை வளர்ந்தது. அதற்கு முன்னர் போர்த்துக்கேயர் கோயில்களை இடித்ததையும் முஸ்லிம்களை விரட்டியதையும் இங்கு மறைத்தால் நாம் வரலாற்றுக்கு உண்மையாக இருந்தவர்களாக மாட்டோம். ஆட்சியாளர்கள் செய்ததற்கு அவர்களுடைய மதத்தைச் சேர்ந்த எளிய மக்கள் விலை கொடுத்தனர்.

இதனைக் கேள்வியுற்ற அடிகளார் 1686 இல் கோவாவிலிருந்து புறப்பட்டார். தமிழ் கற்றார். தூத்துக்குடியிலிருந்து, கூலியாள் ஒருவரைப் போல அரைத்துணியுடன், யோவான் என்ற துணையாளோடு கடல் கடந்து 1687 இல் வட இலங்கையை அடைந்தார். வயிற்றோட்டத்தால் நலிந்து கிடந்த அவரை நோய் தொற்றிவிடுமென ஊரார் அஞ்சி ஒதுக்கியபோது, ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே உயிரைக் காத்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். குலத்தால் பிராமணரான அவர் யாழ்ப்பாணத்து வீதிகளில் பிச்சை கேட்டு நடந்தார். கழுத்தில் செபமாலையொன்றைத் தெரியும்படி அணிந்திருந்தார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகின்றதோ அவரே மறைந்து வாழும் கத்தோலிக்கர் என்று அறிந்துகொள்வது அவருடைய உத்தி. இரவில் திருப்பலி, பகலில் மறைவு. சில்லாலை மக்கள் அவரைப் பொத்திக் காத்தனர்.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் கூடியிருந்த வீடுகளைச் சுற்றிவளைத்தனர். பலர் கைதாகினர், சிலர் தண்டனையின் கொடுமையால் உயிரிழந்தனர். அடிகளார் அகப்படவில்லை. ஆயினும் இனி அங்கு இருப்பது தம்மைக் காப்பவர்களுக்கே ஆபத்தென்ற நிலையில், 1690 இல் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளத்தில் ஒதுங்குவது என்னவென்று நமது முஸ்லிம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் வந்து சேர்ந்ததும் அதே புத்தளத்தில்தான்.

1692 இல் அடிகளார் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு விலங்குதான். மன்னனின் அவையில் செல்வாக்குடனிருந்த லனெரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர், வந்திருப்பவர் போர்த்துக்கேய ஒற்றன் என்று கூறிவிட்டார். கிறிஸ்தவன் ஒருவனே கிறிஸ்தவக் குருவைக் காட்டிக்கொடுத்தான், பௌத்த மன்னன் பின்னர் விடுவித்தான் என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். காவலில் இருந்த காலத்தை அடிகளார் சிங்களம் கற்பதில் கழித்தார்.

நாடு வறட்சியால் வாடியபோது அவர் வேண்டுதல் செய்ய மழை பெய்தது என்றும், அதன் பின்னரே மன்னன் அவருக்கு நாட்டில் நடமாடிப் போதிக்கும் சுதந்திரத்தை அளித்தான் என்றும் கத்தோலிக்க மரபு கூறுகின்றது. மழையைப் பற்றி அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். நமக்கு முக்கியமாகப் படுவது மன்னன் கொடுத்த அனுமதி. ஏனெனில் விமலதர்மசூரியன் தன் மதத்தில் அக்கறையற்றவன் அல்லன். நலிந்துபோயிருந்த பௌத்த உபசம்பதாவை மீட்க அரக்கானிலிருந்து 1697 இல் பிக்குகளை வரவழைத்தவன் அவன். தலதா மாளிகையை மூன்று மாடிகளாகக் கட்டியதும் அவனே. தன் மதத்தில் உறுதியாக நின்றவனுக்கு அடுத்தவன் மதம் அச்சமூட்டவில்லை.

அந்த 1697 இல்தான் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னன் நகரை விட்டு அகன்றான், பிரதானிகளும் அகன்றனர். நோயுற்றவர்களைப் பெற்ற பிள்ளைகளே காட்டோரத்தில் விட்டுவிட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களுக்குக் குடில் அமைத்தனர், புண்களைக் கழுவினர், உணவூட்டினர், எடுக்க ஆளில்லாத உடல்களைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். கத்தோலிக்கரா பௌத்தரா என்று அவர்கள் பார்க்கவில்லை. மன்னன் திரும்பி வந்து, இவர் இல்லாவிடின் நகர வீதிகள் பிணக்காடாகியிருக்கும் என்ற கருத்தில் அவரைப் பாராட்டியதாகச் சொல்லப்படுகின்றது. கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு சமூகம் தன் இறந்தோரை அடக்கம் செய்யவும் இயலாது தவிப்பதை நாமும் கண்டோம். 2020 இல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை, விஞ்ஞான ஆதாரம் ஏதுமின்றி ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அதற்கு அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்தான்.

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். அவர்களுள் 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி, வேதாகம வரலாற்றை நம் மக்கள் தம் மொழியிலேயே அறிய வழிசெய்தார். அவருடைய தேவ அருள்வேத புராணம் ஈழத்துக் கத்தோலிக்க இலக்கியத்தில் தனியிடம் பெற்றது. யோசப் வாஸ் அடிகளாரை ஆயராக்கும் யோசனை எழுந்தபோது அவர் ஏற்கவில்லை. வெறுங்காலுடன் ஊர் ஊராக நடந்து, உடல் தளர்ந்து, இலங்கை வந்து இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர் 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே கண்மூடினார். ஒருமுறையேனும் கோவாவுக்கு அவர் திரும்பவில்லை. அப்போது அரியணையில் இருந்த நரேந்திரசிங்கனும் தந்தை காட்டிய மதிப்பிலிருந்து விலகவில்லை.

1995 ஜனவரி 21 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14 இல் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இலங்கைக்குக் கிடைத்த முதற் புனிதர் அவரே. அன்று பிற்பகல் பாப்பரசர் மடுத் திருத்தலத்துக்கும் சென்றார்.

அடிகளாரின் உடல் கண்டியில் அன்றிருந்த அவருடைய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அந்த ஆலயம் இன்று இல்லை. கண்டி வீதிகளில் கிடந்த உடல்களையெல்லாம் அடக்கம் செய்தவரின் கல்லறை எங்கே இருந்தது என்பதும் உறுதியாகத் தெரியவில்லை.