‘டிரைவர் கிடைக்கவில்லை’ எர்ரருக்குப் பின்னால் ஒரு மனிதர்: யார் இந்த எட்கர் காட்?

வெள்ளிக்கிழமை இரவு. அலுவலகத்தின் வெப் அப்ளிகேஷனை மைஎஸ்க்யூஎல்லில் இருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும் வேலை. கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால், டிரைவர் கிடைக்கவில்லை என்று எர்ரர் வருகிறது. அதைச் சரிசெய்தால் அடுத்தது. அதையும் முடித்தால் இன்னொன்று. விடிய விடிய இதே கதைதான்.

ஐடி வேலையில் இருக்கும் பலருக்கும் இப்படி ஒரு இரவு வாய்த்திருக்கும். ஆனால், அப்ளிகேஷனை அப்படியே தூக்கி இன்னொரு டேட்டாபேஸில் உட்கார வைக்கலாம் என்று யோசிக்கவே முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்த நிலையை மாற்றியதில் பெரும் பங்கு ஒரு கணித ஆசாமிக்கு உண்டு. பெயர் எட்கர் ஃபிராங்க் காட். நாம் இன்று பார்க்கும் டேபிள், ரோ, காலம் எல்லாம் டேட்டாபேஸுக்குள் வந்தது அவரால்தான்.

கடல் விமானம் ஓட்டியவர்

1923 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள போர்ட்லாந்து தீவில் பிறந்தவர் காட். வீட்டில் ஏழு பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பாவுக்குத் தோல் தொழில், அம்மா பள்ளி ஆசிரியை.

ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸெட்டர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையில் சேர்ந்து, தண்ணீரில் இறங்கக்கூடிய சண்டர்லேண்ட் ரக விமானங்களை ஓட்டினார். போருக்குப் பிறகு 1948இல் நியூயார்க் போனார், பின்னர் ஐபிஎம்மில் புரோகிராமராகச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய ஹாலையே அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது.

பிடிக்கலைன்னா கிளம்பிடுவார்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் ஆட்டம். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அரசு ஊழியர்கள், கலைஞர்கள், பேராசிரியர்கள் எனப் பலரும் குறிவைக்கப்பட்டார்கள். இதைப் பார்த்து வெறுத்துப்போன காட், 1953இல் அமெரிக்காவை விட்டே கிளம்பி கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1957இல்தான் மீண்டும் ஐபிஎம்முக்குத் திரும்பினார்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. 1961இல், 38 வயதை நெருங்கும்போது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து 1965இல் முனைவர் பட்டம் வாங்கினார். தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் இயந்திரம் என்ற ஜான் வான் நாய்மனின் கணித மாதிரிக்கு ஒவ்வொரு கட்டத்திலும் 29 நிலைகள் தேவைப்பட்டன. காட் அதை 8 நிலைகளில் செய்துகாட்டினார். சிக்கலான ஒன்றை எளிய அடிப்படையில் திருப்பிக் கட்டுவதுதான் அவருடைய பலம். டேட்டாபேஸிலும் அதைத்தான் செய்தார்.

அப்படி என்ன பிரச்சினை?

1960களின் இறுதியில் காட் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அப்போது ஐபிஎம்மின் முக்கியமான டேட்டாபேஸ் ஐஎம்எஸ். நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்போலோ திட்டத்தின் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க உருவானது.

அதில் தரவுகள் மரக்கிளை மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். மேலே துறை, அதற்குக் கீழே ஊழியர், அதற்குக் கீழே சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சம்பள விவரம் வேண்டுமென்றால், எந்தக் கிளையில் ஏறி எந்தக் கிளையில் இறங்க வேண்டும் என்பதை புரோகிராமரே எழுத வேண்டும். கிளையை மாற்றி அடுக்கினால், அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் எல்லாம் காலி.

ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். அரை கிலோ துவரம்பருப்பு வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தர மாட்டார். மூன்றாவது ரேக், இரண்டாவது டப்பா என்பதை நீங்களே மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். ஒருநாள் அவர் ரேக்குகளை இடம் மாற்றிவிட்டால், ஊரே கடைக்குள் நின்று முழிக்க வேண்டியதுதான்.

11 பக்கங்களில் ஒரு விடை

காட் கேட்டது எளிமையான கேள்வி. என்ன வேண்டும் என்பதை மட்டும் வாடிக்கையாளர் சொல்லட்டும். எங்கே இருக்கிறது என்பது கடைக்காரர் கவலையாக இருக்கட்டும். ஏன் அப்படி இருக்கக் கூடாது?

1969இல் ஐபிஎம்முக்குள் ஓர் அறிக்கையாகவும், 1970 ஜூனில் கணினி அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் 11 பக்கக் கட்டுரையாகவும் இந்த யோசனை வெளியானது. எல்லாத் தரவையும் டேபிள்களாக வைக்கலாம். ஒரு டேபிளுக்கும் இன்னொன்றுக்குமான தொடர்பை, உள்ளே இருக்கும் மதிப்புகளை வைத்தே கண்டுபிடிக்கலாம். கணிதத்தின் கணக் கோட்பாடும் தர்க்கமும்தான் அடித்தளம். இதற்குப் பெயர் ரிலேஷனல் மாடல்.

அன்றைய புரோகிராம்கள் மூன்று விஷயங்களில் மாட்டிக்கொண்டிருப்பதாக அந்தக் கட்டுரை சுட்டிக்காட்டியது. தரவு எந்த வரிசையில் இருக்கிறது, எந்த இண்டெக்ஸ் இருக்கிறது, எந்த வழியாகப் போய் எடுக்க வேண்டும். இந்த மூன்றிலிருந்தும் அப்ளிகேஷனை விடுவிப்பதே அவர் இலக்கு. டேட்டா இண்டிபெண்டன்ஸ் என்று இன்று கல்லூரிகளில் சொல்லித்தருவது இதைத்தான்.

சொந்த கம்பெனியே கண்டுக்கலை

இவ்வளவு நல்ல யோசனையை ஐபிஎம் உடனே கையில் எடுத்திருக்கும் என்று நினைத்தால், அதுதான் இல்லை. ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக வீட்டுக்குள்ளேயே ஒன்றை வளர்க்க கம்பெனிக்கு ஆர்வமில்லை.

காட் விடவில்லை. ஐபிஎம்மின் வாடிக்கையாளர்களிடமே தன் மாடலின் சாத்தியங்களை விளக்கினார். 1974இல், எதிர் முகாமின் முக்கியப் புள்ளியான சார்லஸ் பாக்மனோடு பொதுமேடையில் விவாதித்தார். பாக்மன் சாதாரண ஆள் இல்லை. முந்தைய ஆண்டுதான் கணினி உலகின் உச்ச விருதான டூரிங் விருதை வாங்கியிருந்தார்.

அதே காலகட்டத்தில் ஐபிஎம் இறங்கிவந்து சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், அதில் மையப் பொறுப்பு காட்டுக்கு இல்லை. அவர் ஆல்ஃபா என்று ஒரு மொழியை முன்வைத்திருந்தார். அதை எடுக்காமல், டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கிய சீக்வெல் என்ற மொழியை எடுத்தார்கள். அந்தப் பெயரில் வர்த்தக முத்திரைச் சிக்கல் வந்ததால் பிறகு எஸ்க்யூஎல் ஆனது. ஆம், நாம் தினமும் எழுதும் அதே எஸ்க்யூஎல்தான்.

முந்திக்கொண்டவர்கள்

சிஸ்டம் ஆர் பற்றிய கட்டுரைகளை ஐபிஎம் வெளிப்படையாகவே வெளியிட்டது. அவற்றைப் படித்தவர்களில் லாரி எலிசனும் ஒருவர். 1977இல் நண்பர்களுடன் அவர் தொடங்கிய நிறுவனம், 1979இல் ஆரக்கிள் டேட்டாபேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐபிஎம் தன் முதல் எஸ்க்யூஎல் தயாரிப்பை விற்கத் தொடங்கியது 1981இல். டிபி2 வந்தது 1983இல். யோசனை பிறந்த வீடே லேட்!

இன்னொரு பக்கம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் காட்டின் கட்டுரைகளை வைத்து இன்க்ரெஸ் என்ற டேட்டாபேஸை எழுதினார்கள். இன்க்ரெஸுக்குப் பிறகு வந்ததால் அடுத்ததன் பெயர் போஸ்ட்கிரெஸ். காட்டின் வேலைக்கு 1981இல் டூரிங் விருது கிடைத்தது.

அப்போ டிரைவர் எங்கிருந்து வந்தது?

1986இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு சர்வதேச அளவிலும் எஸ்க்யூஎல்லுக்குத் தரநிலை வந்தது. எல்லா டேட்டாபேஸும் ஏறக்குறைய ஒரே மொழி பேசும் என்றால், அப்ளிகேஷனும் ஒரே மாதிரி பேசலாமே? இந்த எண்ணத்தில் 1992இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது ஓடிபிசி. ஜாவாவுக்கு ஜேடிபிசி, பிஎச்பிக்கு பிடிஓ எனப் பிறகு வந்தவையும் இதே வகைதான்.

அப்ளிகேஷன் பொதுவான முறையில் கேட்கும். அதைக் குறிப்பிட்ட டேட்டாபேஸுக்குப் புரியும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரைவர். ஒவ்வொரு டேட்டாபேஸின் பேச்சும் வேறு. மைஎஸ்க்யூஎல் டிரைவரால் போஸ்ட்கிரெஸோடு பேச முடியாது.

அதனால்தான் மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது, புதிய டிரைவர் இருக்கிறதா என்பதை. பிஎச்பியில் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி எக்ஸ்டென்ஷன் வேண்டும். டெர்மினலில் ஓடும் பிஎச்பிக்கும் வெப் சர்வரில் ஓடும் பிஎச்பிக்கும் செட்டிங்ஸ் ஃபைல் வேறாக இருக்கலாம். டெர்மினலில் வேலை செய்தது பிரவுசரில் உதைப்பதற்கு இது முக்கியக் காரணம். எக்ஸ்டென்ஷனை ஆன் செய்தபின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதும், பழைய கான்ஃபிக் கேஷை அழிப்பதும் பலர் மறக்கும் படிகள்.

அடுத்தது போர்ட். மைஎஸ்க்யூஎல்லுக்கு வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432. டிரைவர் பெயரை மட்டும் மாற்றிவிட்டு போர்ட்டை விட்டுவிட்டால் கனெக்‌ஷனே கிடைக்காது.

கனெக்ட் ஆன பிறகும் ஏன் எர்ரர்?

இங்கேதான் காட்டின் வருத்தமும் நம் வெள்ளிக்கிழமை இரவும் சந்திக்கின்றன. தரநிலை ஒன்று இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எஸ்க்யூஎல்லை வளைத்துவிட்டது.

• பெயர்கள்: மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் பெயரைச் சுற்றிப் போடும் சாய்ந்த ஒற்றைக் குறியை போஸ்ட்கிரெஸ் ஏற்காது. அதற்கு இரட்டை மேற்கோள் குறி வேண்டும்.

• ஆம், இல்லை: மைஎஸ்க்யூஎல்லில் இதை 1, 0 என்ற எண்களாக வைப்பது வழக்கம். போஸ்ட்கிரெஸில் பூலியன் தனி வகை. அதை 1 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் எர்ரர்.

• தேதி: எல்லா இடத்திலும் பூஜ்யம் போட்ட தேதிகள் பழைய மைஎஸ்க்யூஎல் டேபிள்களில் கிடக்கும். போஸ்ட்கிரெஸ் அவற்றை உள்ளே விடாது.

• ஐடி எண்: பழைய தரவை ஐடியோடு கொண்டுவந்தபின், அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸை முன்னால் நகர்த்த வேண்டும். மறந்தால் முதல் புதிய பதிவே டூப்ளிகேட் என்று திரும்பி வரும்.

• தேடல்: இது எர்ரரே காட்டாது, அதனால் ரொம்ப ஆபத்து. மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான செட்டிங்கில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காமல் தேடும். போஸ்ட்கிரெஸில் லைக் என்று தேடினால் வித்தியாசம் பார்க்கும். ஐலைக் என்று மாற்ற வேண்டும்.

காட் வாக்களித்தது, தரவை வைக்கும் விதம் மாறினாலும் அப்ளிகேஷன் உடையக் கூடாது என்பதை. ஒரு கம்பெனியின் டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே கிளிக்கில் தாவலாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், எல்லோரும் ஒரே மாடலுக்கு வந்ததால்தான் அந்தத் தாவல் நினைத்துப் பார்க்கக்கூடிய விஷயமானது.

ரூல் போட்ட மனிதர்

1984இல் ஐபிஎம்மை விட்டு வெளியேறினார் காட். அப்போது சந்தையில் எல்லோரும் தங்கள் தயாரிப்புக்கு ரிலேஷனல் என்ற லேபிளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடுப்பான காட், 1985இல் 12 விதிகளை வெளியிட்டார். பூஜ்யத்தில் தொடங்கி எண்ணியதால் உண்மையில் 13 விதிகள்! தரவு வைக்கும் இடமோ முறையோ மாறினாலும் அப்ளிகேஷன் பாதிக்கப்படக் கூடாது என்பது 8ஆவது விதி.

எஸ்க்யூஎல் மீதும் அவருக்குக் கடைசிவரை திருப்தி இல்லை. ஒரே வரி இரண்டு முறை டேபிளில் இருக்க அது அனுமதிப்பதைக் கடுமையாக விமர்சித்தார். மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் எல்லா இடத்திலும் ஒரே ஒழுங்கில் கையாளப்பட வேண்டும் என்றார். இன்றும் ஆரக்கிள் காலி எழுத்துச்சரத்தை நல் என்றே எடுத்துக்கொள்கிறது, போஸ்ட்கிரெஸ் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. மாற்றும்போது இதுவும் ஒரு கண்ணிவெடிதான்.

1990இல் தன் மாடலின் இரண்டாம் பதிப்பைப் புத்தகமாக எழுதினார். அதில் 333 அம்சங்கள். அவ்வளவையும் நிறைவேற்ற எந்த கம்பெனியும் முன்வரவில்லை.

சறுக்கலும் உண்டு. 1993இல் ஓலாப் என்ற சொல்லை அறிமுகப்படுத்திய அவரது கட்டுரை, அந்த வகை மென்பொருளை விற்ற ஆர்பர் சாஃப்ட்வேரின் பணத்தில் எழுதப்பட்டது என்று தெரியவந்தபோது, நடுநிலை பற்றிய கேள்விகள் எழுந்தன.

2003 ஏப்ரல் 18 அன்று, 79 வயதில், ஃபுளோரிடாவில் இதயச் செயலிழப்பால் காலமானார். டேட்டாபேஸ் துறையில் புதுமை செய்பவர்களுக்கு இன்றும் அவர் பெயரில் விருது கொடுக்கப்படுகிறது.

ஏடிஎம்மில் பணம் எடுப்பதில் தொடங்கி ரயில் டிக்கெட் வரை, எங்கோ ஒரு டேபிளில் ஒரு வரி மாறுகிறது. அந்த டேபிளை யோசித்தவர் விரும்பிய மொழி ஜெயிக்கவில்லை, அவர் போட்ட விதிகள் அத்தனையையும் யாரும் முழுசாகப் பின்பற்றவும் இல்லை. அடுத்த முறை மைக்ரேஷன் எர்ரர் வரும்போது, அது எந்த அடுக்கில் வருகிறது என்று முதலில் பாருங்கள். டிரைவரா, கனெக்‌ஷனா, இல்லை எஸ்க்யூஎல்லா? மூன்றாவது என்றால், 1985லேயே காட் எச்சரித்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.