நூறு வினாக்களை ஒரே அவையில் ஏற்ற சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

சென்னை விக்டோரியா அரங்கில் 1907-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி அறிஞர்கள் முன்னிலையில் நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்தி விடையளித்தவர் செய்குத்தம்பிப் பாவலர். சதாவதானி என்ற பட்டம் அன்று முதல் அவரது பெயரின் பகுதியாகவே நிலைத்துவிட்டது.

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அவர் பிறந்தார். பள்ளியில் மலையாளம் பயின்ற அவர், சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தமிழ் இலக்கண, இலக்கியங்களைக் கற்றார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய அவர், கம்பராமாயணத்திலும் ஆழ்ந்த புலமை பெற்றிருந்தார்.

அவதானக் கலையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் கணக்குக் கேட்பார். வேறொருவர் மணி அடிப்பார். இன்னொருவர் முதுகில் நெல்மணிகளை எறிவார். அவதானி எதையும் குறித்துக்கொள்ளாமல், இறுதியில் ஒவ்வொன்றுக்கும் பிழையின்றி விடை கூற வேண்டும். பல செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பதும், சிறு குறிப்பைக் கொண்டே முழுச் செய்தியையும் மீட்பதும் இக்கலையின் இரு தூண்கள்.

இவ்விரு பணிகளுக்கும் மூளையில் தனித்தனி நரம்பணுத் தொகுதிகள் துணைபுரிவதாகப் பிற்கால அறிவியல் கூறுகிறது. மூளையின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகேம்பஸ் பகுதியின் நுழைவாயிலில் உள்ள குறுமணி நரம்பணுக்கள், ஒத்த அனுபவங்களைப் பிரித்துப் பதிய உதவுகின்றன. அடுத்துள்ள சி.ஏ.3 பகுதியின் நரம்பணுக்கள் தமக்குள் பின்னிப் பிணைந்திருப்பதால், நினைவின் ஒரு துணுக்கிலிருந்து முழுமையையும் எழுப்ப வல்லவை. உடனடித் தேவைக்கான செய்திகளைச் சற்று நேரம் தாங்கி நிற்பதில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் புறணிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதி அகற்றப்பட்ட நோயாளி ஒருவர் புதிய நிகழ்வுகளை நினைவில் பதிக்க இயலாமல் போனதை 1957-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டிய பின்னரே, நினைவாற்றலில் அப்பகுதியின் இன்றியமையாமை உலகுக்குத் தெளிவானது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1950-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி, பாவலர் மறைந்துவிட்டார்.

நரம்பணுக்களின் பெயரறியாத காலத்திலேயே, யாப்பின் ஓசை ஒழுங்கையும் இடைவிடாத பயிற்சியையும் கொண்டு நினைவை வசப்படுத்தியது அவதான மரபு. எழுதிவைக்கும் கருவிகள் பெருகப் பெருக அம்மரபு அருகிவிட்டது. பாவலரின் நினைவைப் போற்றி இந்திய அஞ்சல் துறை 2008-ஆம் ஆண்டில் சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.