ஸ்பீக்கர் ரிவ்யூவுக்காக கோர்ட் ஏறிய அமர் போஸ்

ஏற்காட்டு மலை வீட்டு ஹாலுக்குப் பெரிய ஸ்பீக்கர் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது ரிவ்யூதான். அப்படி ஒரு ரிவ்யூ அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன கதை தெரியுமா?

அமர் போஸ் 1929-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். அப்பா, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து வங்காளத்திலிருந்து தப்பிச் சென்றவர். சிறுவயதிலேயே ரேடியோ ரிப்பேர் செய்து குடும்பத்துக்குக் கைகொடுத்தார் அமர். எம்.ஐ.டி.யில் படித்தவர், 1956-ல் ஆசையாக ஹை-ஃபை செட் வாங்கினார். ஏமாற்றம்தான் மிச்சம். கச்சேரி அரங்கில் பெரும்பகுதி ஒலி சுவர்களில் பட்டே காதுக்கு வருகிறது. வீட்டில் அது இல்லை.

1964-ல் சொந்த நிறுவனம். 1968-ல் 901 ஸ்பீக்கர்: ஒன்பது டிரைவர்களில் எட்டு பின்சுவரைப் பார்த்திருக்கும். 1970-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், வாத்தியங்களின் ஒலி அறைக்குள் அலைவதாக எழுதியது. போஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. முதலில் வெற்றி, 1984-ல் உச்ச நீதிமன்றத்தில் தோல்வி. தெரிந்தே பொய் எழுதியதாக நிரூபிக்க முடியவில்லை.

2011-ல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை எம்.ஐ.டி.க்குக் கொடுத்தவர், 2013-ல் மறைந்தார். அவர் காட்டியது இதுதான்: ஸ்பீக்கர் பாதி, சுவர் பாதி. ரிவ்யூ எழுதியவர் வீட்டுச் சுவர் வேறு, உங்க வீட்டுச் சுவர் வேறு. முடிந்தால் உங்க ஹாலிலேயே வைத்துக் கேட்டுட்டு வாங்குங்க.