உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்): ஆணையும் மனச்சான்றும்

உமையாக் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அரசுப் பணி முடிந்ததும் அரசு எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்த நிகழ்ச்சியையே நாம் எடுத்துரைக்கிறோம். இனிய செய்திதான். ஆயினும் அந்நேர்மை எவ்வாறு முதிர்ந்தது என்று நாம் வினவுவதில்லை.

கி.பி. 706இல் மதீனாவின் ஆளுநரானபோது அவர்கள் நறுமணமும் உயர்ந்த ஆடையும் விரும்பிய இளவரசர். எனினும் மார்க்க அறிஞர் பதின்மரைக் கலந்தே ஆட்சி நடத்தினார்கள். அத்தகையவரே, கலீஃபா வலீதின் ஆணைக்கிணங்கக் குபைப் என்பவரைக் கசையால் அடிப்பித்து, கடுங்குளிரில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றுவித்தார்கள். குபைப் இறந்தார். மேலிடத்து ஆணைதானே என்று உமர் ஆறுதல் கொள்ளவில்லை. தம்மை எவரேனும் புகழ்ந்தால் குபைபை நினைந்து கலங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர்.

717இல் கலீஃபாவானதும் தம் நிலங்களையும், மனைவி ஃபாத்திமாவின் அணிகலன்களையும் பைத்துல்மாலில் சேர்ப்பித்தார்கள். நாம் அவற்றினும் பெரிதாகக் கருதுவது கூஃபாவின் ஆளுநருக்கு எழுதிய ஒரு கடிதத்தை. தம்மைக் கேளாமல் எவருக்கும் மரண தண்டனையோ உறுப்பு வெட்டும் தண்டனையோ நிறைவேற்றலாகாது என்பது அதன் ஆணை. அலுவலர்மீது நம்பிக்கையின்மை என்று இதனைச் சிலர் கருதக்கூடும். மதீனாவின் அக்குளிர்நாளை அறிந்த நாம் அவ்வாறு கருதோம்.

இஸ்லாத்தைத் தழுவியோரிடம் ஜிஸ்யா வாங்குவதையும் தடுத்தார்கள். கருவூலம் சுருங்குமென்று அலுவலர் முறையிட்டும் இசையவில்லை.

ஆட்சி மூன்றாண்டு நிறையுமுன், 720இல், தைர் ஸம்ஆனில் மறைந்தார்கள். தம் அடக்கத்திற்குரிய நிலத்தையும் அவ்வூர்க் கிறித்தவரிடம் விலை கொடுத்தே வாங்கியிருந்தார்கள்.