கச்சான் எண்ணெயில் ஓடிய இயந்திரமும் ருடோல்ப் டீசலும்

1870 செப்டெம்பரில் ஒரு குடும்பம் பாரிஸ் நகரத்தை விட்டு அவசரமாக வெளியேறியது. தந்தை தியோடோர் புத்தகங்களுக்கு அட்டை கட்டுபவர், தோல்வேலையும் தெரிந்தவர். பூர்வீகம் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க். பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டதும் பாரிஸில் வாழ்ந்த ஜேர்மன்காரர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றாகிவிட்டது. பட்டறையை அப்படியே விட்டுவிட்டு லண்டனுக்குப் போனார்கள். அங்கே வேலை கிடைப்பது கஷ்டம். 12 வயது மகனையாவது படிக்க வைப்போம் என்று ஒக்ஸ்பேர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பினார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் கடலையும் எல்லைகளையும் தாண்டி அந்தச் சிறுவன் போய்ச் சேர்ந்தான்.

அவன் பெயர் ருடோல்ப் டீசல். இன்று உலகத்தின் பல நாடுகளில் எரிபொருள் நிலையங்களில் எழுதியிருப்பது அவனுடைய குடும்பப் பெயர்தான்.

இந்தத் தொடக்கம் எங்கள் வாசகர்களுக்குப் புதிதல்ல. பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் இருந்த என் பெற்றோர் 1983 வன்முறைக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போனவர்கள். நான் பிறந்தது அங்கே. 2009க்குப் பிறகு மாமா வீட்டை நம்பி மறுபடி மலைநாட்டுக்கு ஏறினோம். இப்போது ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். தோட்டங்களுக்குள் போய்வர பஸ்ஸும் ஓட்டோவும் போதவில்லை. ஹட்டனில் ஒரு பழைய டீசல் ஜீப் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்ட நண்பன் ஒருவன், அதை வாங்கினால் கடைகளில் மிஞ்சும் பொரித்த எண்ணெயில் இருந்து நாமே உயிரி டீசல் செய்து ஓட்டலாம் என்றான். 2022ஐ மறக்காதவர்களுக்கு இந்த யோசனை இனிக்கத்தான் செய்யும். 2021 முடிவில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவுக்கு ஏறியது. கையில் காசிருந்தும் வரிசையில் நாட்கணக்கில் நின்றோம். இயந்திரத்தைப் பற்றிப் படிக்கப் போன நான் அதைச் செய்த மனிதனிடம் போய் நின்றுவிட்டேன்.

ஒக்ஸ்பேர்க்கில் தொழிற்பாடசாலையில் படித்த டீசல், புலமைப்பரிசில் பெற்று மூனிச் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவருடைய ஆசிரியர் குளிரூட்டும் இயந்திரங்களால் புகழ்பெற்ற கார்ல் வொன் லிண்டே. அக்காலத்து நீராவி இயந்திரம், எரிக்கும் நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சரியாக வேலையாக்கவில்லை. மிச்சமெல்லாம் வெப்பமாக வீணாகிப் போனது. இந்த வீணடிப்புத்தான் அவரை வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டது.

அவருடைய யோசனையை விளங்கிக்கொள்ள சைக்கிள் பம்ப் போதும். வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். அதையே பல மடங்கு நெருக்கினால், உள்ளே தெளிக்கும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும். தீப்பொறி தேவையில்லை, பிளக் தேவையில்லை. 1893இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் ஒக்ஸ்பேர்க் தொழிற்சாலையில் முதல் பரிசோதனை நடந்தது. எரிபொருள் பற்றியதும் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பற்றுகிறது என்பது மட்டும் நிரூபணமாயிற்று. 1894 பெப்ரவரியில் இயந்திரம் ஏறத்தாழ ஒரு நிமிடம் தன் சொந்தச் சக்தியில் சுழன்றது. 1897இல் பேராசிரியர் மொரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது.

இந்த இயந்திரம் யாருக்கு என்று அவர் நினைத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெரிய நீராவி இயந்திரம் வாங்கப் பெரிய முதலாளியால்தான் முடியும். தச்சனும் நெசவாளியும் சிறு பட்டறைக்காரனும் அவனோடு போட்டி போட முடியாமல் அழிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் சிறிய, சிக்கனமான இயந்திரம் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அந்த இயந்திரம் பாரமாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. அதை வாங்கியது பெரிய ஆலைகளும் கப்பல் கம்பனிகளும், கடைசியில் கடற்படைகளும்தான்.

கச்சான் கதைக்கு வருவோம். டீசல் தன் இயந்திரத்தைக் கச்சான் எண்ணெய்க்காகவே செய்தார் என்று இணையத்தில் நூறு இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. தொடக்கத்தில் அவர் நிலக்கரித் தூளைக்கூட எரிக்க நினைத்தவர். நடந்தது இதுதான்: 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒட்டோ கம்பனி வைத்த சிறிய டீசல் இயந்திரம் ஒன்று கச்சான் எண்ணெயில் ஓடியது. எதையும் மாற்றாமல் ஓடியதால் பார்த்தவர்களில் சிலருக்கே விஷயம் தெரிந்தது. கேட்டது பிரெஞ்சு அரசு. ஆபிரிக்கக் குடியேற்றங்களில் கச்சான் தாராளமாக விளைந்தது. அங்கே நிலக்கரியையும் பெற்றோலியத்தையும் இறக்குமதி செய்யாமல், உள்ளூர் எண்ணெயிலேயே இயந்திரம் ஓடினால் இலாபம் என்பது கணக்கு. பின்னர் டீசலும் இதில் அக்கறை காட்டினார். தாவர எண்ணெய் இன்று அற்பமாகத் தெரிந்தாலும் ஒருநாள் பெற்றோலியத்தைப் போல முக்கியமாகலாம் என்று 1912இல் எழுதினார்.

எரிபொருள் தடை என்றால் என்ன என்பதை 1990களில் யாழ்ப்பாணமும் வன்னியும் படித்தன. சிறு போத்தலில் இருந்து துளி பெற்றோலை காபரேற்றருக்குள் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவை பெற்றோல் கார்கள். உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் டீசல். 2009இல் எங்கள் வீட்டுச் சாமான்களையும் பாட்டியையும் ஏற்றி இடம் இடமாக இழுத்துப் போனது ஒரு லாண்ட்மாஸ்டர். போருக்காக வீட்டை விட்டு ஓடிய ஒரு பிள்ளை பின்னாளில் யோசித்த இயந்திரம் அது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சரி, இப்போது பொரித்த எண்ணெயில் ஓடுமா? பழைய ஜீப்பின் இயந்திரம் மறுக்காது. புதிய டீசல் வாகனங்களில் எரிபொருளை மிகக் கூடிய அழுத்தத்தில் நுண்துளைகள் வழியாகத் தெளிப்பதால், தரம் கொஞ்சம் பிசகினாலும் இன்ஜெக்டர் போய்விடும். பழைய பம்ப் உள்ள வண்டி அவ்வளவு செல்லம் பார்க்காது. ஆனாலும் உயிரி டீசல் தாங்கிக்குள் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கரைத்து வந்து பில்டரை அடைக்கும். பழைய றப்பர் குழாய்களையும் கெடுக்கும்.

செய்முறை கேட்க இலகு. ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் மெத்தனோல், சில கிராம் கோஸ்டிக் சோடா. சூடாக்கிக் கலக்கினால் கிளிசரின் அடியில் படியும், மேலே நிற்பது எரிபொருள். அதைக் கழுவி, ஈரத்தைப் போக்க வேண்டும். பலமுறை பொரித்த எண்ணெய் என்றால் அதன் அமிலத்தை அளந்து சோடாவைக் கூட்ட வேண்டும். மெத்தனோல் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு, அதன் ஆவி இலகுவில் தீப்பற்றும். பத்தடி அறையில் அடுப்பும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் லயத்தில் இதைச் செய்யக்கூடாது. இதில் எனக்குப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று குளிர். பாம் எண்ணெய் என்கிற முள்தேங்காய் எண்ணெயில் இருந்து செய்யும் உயிரி டீசல் 15 பாகை அளவிலேயே கலங்கி உறையத் தொடங்கிவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். தை மாத விடியற்காலையில் அது பில்டருக்குள் மெழுகாகி நிற்கும். தேங்காய் எண்ணெயில் செய்தது இந்த விஷயத்தில் நல்லது, அது பூச்சியத்துக்குக் கிட்டப் போனால்தான் கலங்கும்.

ஆனால் எண்ணெய் எங்கே? ஹட்டன் நகரத்திலும் மல்லிகைப்பூ சந்திப் பக்கமுமாக ஏழு கடைகளில் கேட்டேன். வடை சுடும் அக்கா ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எண்ணெய் விற்கிற விலையில் யார் தம்பி மிச்சம் வைப்பது என்று கேட்டார். ஏழு கடையும் சேர்ந்து வாரத்துக்கு ஆறேழு லீற்றர் தேறும். நான் வாரத்தில் 300 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்தால், இந்த ஏற்ற இறக்கத்தில் ஜீப்புக்கு 30 லீற்றருக்கு மேல் வேண்டும்.

டீசல் எழுதிய ஒரு புத்தகத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 1903இல் வெளிவந்தது, பெயர் சொலிடாரிஸ்முஸ். தொழிலாளர் ஒவ்வொருவரும் நாளுக்குச் சில சல்லிகளைப் பொது நிதியில் போட வேண்டும். அந்த நிதியைப் பிணையாக வைத்து அவர்களே தொழிற்சாலைகளுக்குச் சொந்தக்காரர்களாக வேண்டும். இப்படி அமையும் தொழிலகங்களுக்குத் தேன்கூடு என்று பெயர் வைத்தார். 10,000 பிரதிகள் அச்சிட்டதில் சில நூறுதான் விற்றன. தன் இயந்திரத்தை விட இந்த யோசனையைப் பெரிதாக நினைத்தவர் அவர். மலையகத்தில் இருந்து படிக்கும்போது இது சும்மா விசித்திரமான புத்தகமாகத் தெரியவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இரண்டு முறையும் கொழுந்து பறிப்பவர்கள் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர்களாகவில்லை. மாதச் சம்பளத்தில் சந்தா வெட்டுவது மட்டும் எங்களுக்கு நன்றாகப் பழக்கம்.

அவருடைய சொந்தக் கணக்கு மோசமாகத்தான் போனது. காப்புரிமைகளால் கோடீஸ்வரரானவர், மூனிச்சில் பெரிய மாளிகை கட்டினார். எண்ணெய்க் கிணறுகளிலும் காணியிலும் பணத்தைப் போட்டு இழந்தார். வழக்குகளும் தலைவலியும் நரம்புத் தளர்ச்சியுமாக வருடங்கள் ஓடின. 1913 செப்டெம்பர் 29 இரவு, அன்ட்வேர்ப்பில் இருந்து இங்கிலாந்தின் ஹாவிச் துறைமுகத்துக்கு ட்ரெஸ்டன் என்ற கப்பலில் போனார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குப் போனவரைக் காலையில் காணவில்லை. நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. சட்டைப்பையில் இருந்த கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி போன்ற பொருட்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். மகன் ஒய்கன் அந்தப் பொருட்களைப் பார்த்துத் தந்தைதான் என்று உறுதிப்படுத்தினார். பொருட்களை வைத்து ஆளை அடையாளம் காண்பது என்னவென்று எங்கள் ஊர்களில் விளக்கத் தேவையில்லை. தற்கொலை என்று பலரும், எண்ணெய் முதலாளிகளோ உளவுக்காரர்களோ கொன்றார்கள் என்று சிலரும் இன்றுவரை சொல்கிறார்கள். கடனில் மூழ்கியிருந்தார் என்பது மட்டும் நிச்சயம். அடுத்த ஆண்டு உலகப்போர் தொடங்கியது, அவருடைய இயந்திரம் நீர்மூழ்கிகளுக்குள் ஓடியது.

தாவர எண்ணெய் யோசனையும் முழுக்கச் சாகவில்லை. 1938இல் பெல்ஜியத்தில் பிரசெல்ஸுக்கும் லூவனுக்கும் இடையே ஒரு பஸ், பாம் எண்ணெயில் இருந்து செய்த எரிபொருளில் ஓடியது. அப்போது பெல்ஜியத்தின் பாம் எண்ணெய்க்கு ஊற்று கொங்கோ. அங்கே தோட்டங்களில் கட்டாய உழைப்பு நடந்தது. எங்கள் நாட்டிலும் சில தோட்டக் கம்பனிகள் தென்பகுதியில் முள்தேங்காய் நட்டன. 2021 ஏப்ரலில் அரசாங்கம் அந்தச் செய்கையைத் தடை செய்தது. வண்டி ஓட எண்ணெய் நட்டால், அதை யாருடைய காணியில், என்ன கூலிக்கு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜீப்காரரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறேன். படிந்தால் வாங்குவேன், பம்பில் அடிக்கும் டீசலில்தான் ஓட்டுவேன். நண்பன் விடுவதாக இல்லை. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைக் கடைகளின் எண்ணெயை ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்று கேட்கிறான். அதைக் கேட்டபோது எனக்குத் தேன்கூடு ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் அவன் வீட்டுக்குப் பின்னால், திறந்த கொட்டிலில், 20 லீற்றர் செய்து ஒரு பழைய தண்ணீர்ப் பம்பில் ஊற்றிப் பார்க்கப் போகிறோம். மெத்தனோலைக் கையாள இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.